கேட்காமல் வந்த மீன்

மத்தோசின்யோஷ் துறைமுகத்தின் பின்தெருவில்
மத்தி மீனை டின்னில் அடைக்கும் கம்பெனி எங்களுடையது.
எங்களுடையது என்றால் அபீலியு சர்மெந்துவுடையது.
நான் கணக்கு, கடிதம், தொலைபேசி,
தபால்காரர் வந்தால் கையெழுத்து.

டெல்முதான் அந்த மீனைக் கொண்டுவந்தான்.
திரை நிறைய நீலம். நடுவே ஒரு மீன்
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்க்கிறது.
செதில் ஒவ்வொன்றும் ஒரு ஜன்னல்,
சில ஜன்னல்களில் விளக்கு.
எங்கே பிடித்தாய் என்றேன்.
இணையத்தில் என்றான்,
சொந்தக்காரர் இல்லாத கடலைச் சொல்வதுபோல்.

முதலில் கேட்டுவிடலாமே என்றேன்.
"அச்சாகட்டும், பிறகு கேள்" என்றார் அபீலியு.
"மறுக்கவா போகிறார்கள்? பெருமைதானே அவர்களுக்கு."
ஊரார் வீட்டு நெய்க்கு
எங்கள் கரண்டி எப்போதும் கொஞ்சம் பெரியது.

பன்னிரண்டாயிரம் லேபிள் வந்து இறங்கிய அன்று
யாருக்கு எழுதுவது என்றே தெரியவில்லை.
டெல்முவின் கோப்பைத் திறந்து
பார்கோடை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன்.
அடியில் எறும்பளவு ஒரு கையெழுத்து
நசுங்காமல் இருந்தது.

கடிதத்தை மூன்று முறை எழுதினேன்.
"பயன்படுத்த விரும்புகிறோம்" என்றேன் முதலில்.
பொய் என்பதால் காலத்தை மாற்றினேன்:
"பயன்படுத்தியிருக்கிறோம்."
மெய் என்பதால் அபீலியு
பழைய பொய்யையே திரும்ப வைக்கச் சொன்னார்.
கூலி என்ற இடத்தில்
ஒரு பெட்டி மத்தி, தபால் செலவு எங்களுடையது,
என்று அவர் கையாலேயே சேர்த்தார்.

உலான்பாத்தரிலிருந்து வந்தது பதில்.
கடலே இல்லாத நாடு.
நொமுந்தாரி என்று பெயர்.

"நான் கடல் பார்த்ததில்லை.
என் தம்பிக்கு மூச்சுக்குழாய் வைத்திருந்த
பதினோரு இரவும்
மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து
கைபேசியில் ஒரே விரலால் வரைந்தது அது.
எதிர்க் கட்டடத்தில் யாராவது விளக்குப் போட்டால்
ஒரு செதிலுக்கு மஞ்சள் வைப்பேன்.
பார்க்கட்டும் என்றுதான் வெளியே வைத்தேன்.
விற்பதற்கில்லை. கேட்டதற்கு நன்றி.
நான் மீன் சாப்பிடுவதில்லை."

கேட்டதற்கு நன்றி.
அந்த இடத்தில் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

திருப்பிப் போட்டு, நீலத்தைப் பச்சையாக்கி,
நாலு ஜன்னலை அடைத்தால்
இது வேறு மீன் என்றான் டெல்மு.
அடைத்தும் காட்டினான்.
கூப்பிட்டவரை விட்டுவிட்டு
அது இப்போது எதிர்ப்பக்கம் பார்த்தது.

அபீலியு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார்.
வக்கீல் சொன்ன தொகை காதில் விழுந்த பிறகு
அவருக்கும் கலை புரிந்திருந்தது.

ஒட்டியாகிவிட்ட மூவாயிரம் டின்.
உரிக்க நாலு நாள்.
வெந்நீர், தேங்காய்நார், மழுங்கிய கத்தி.
உடம்பு வந்துவிடுகிறது, வால் வர மாட்டேன் என்கிறது.
நிஜ மீனைச் சுத்தம் செய்வது இதைவிடச் சுலபம்
என்றாள் தெயோலிந்தா,
முப்பது வருடமாக அதைச் செய்கிறவள்.
சாயம் கரைந்து
எல்லோர் நகக்கண்ணிலும் நீலம்.
டெல்மு மட்டும் கையுறை போட்டிருந்தான்.

ஒரு டின்னை நான் உரிக்கவில்லை.
கோட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
யாரும் பார்க்கவில்லை.
டெல்முவையும் அன்று யாரும் பார்க்கவில்லைதான்.

இரவு மறுபடி அவளுக்கு எழுதினேன்,
இந்த முறை என் பெயரில்:
நடந்தது எல்லாம். உண்மையான காலத்தில்.
ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது,
வைத்துக்கொள்ளலாமா என்று.
தம்பி எப்படி இருக்கிறான் என்றும் எழுதி,
அதைக் கேட்கவும் ஒரு அனுமதி வேண்டுமோ என்று தோன்ற
அந்த வரியை அழித்தேன்.

பதில் இல்லை.
சமையலறை அலமாரியில்
டின்னைச் சுவர் பார்க்க வைத்திருக்கிறேன்.
உள்ளே இருக்கும் மத்தி கெட்டுப்போக
இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.